பூமீஸ்வரர் சந்நிதியும் பனந்தோப்புக் கிள்ளைகளும்

சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஊர் மரக்காணம். புதுச்சேரியிலிருந்து வருவோர்க்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்தும் பேருந்து வசதி உண்டு. சாலையில் விரையும் பயணியரின் கண்ணுக்கு இவ்வூர் வெண்ணிறக் குவியல்களாகவே காட்சி தரும். ஒருபுறம் கடல், மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக உப்பளங்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தில் உப்பு விளைச்சலுக்குப் பெயர் பெற்ற பகுதி இது.

அன்பர்கள் பலர் இவ்வழியே மயிலத்துக்கும் திருவக்கரைக்கும் புதுவை மணக்குள விநாயகர் சந்நிதிக்கும் செல்வதுண்டு. ஆனால் மரக்காணத்தில் இறங்கித் தரிசிப்போர் மிகச் சிலரே. சோழர் காலக் கற்றளி ஒன்று இங்கே இருப்பதையும், அதைச் சூழ்ந்த பனந்தோப்புகளில் பச்சைக்கிளிகள் கூட்டமாக வாழ்வதையும் அறியாமலேயே கடந்து போய்விடுகிறோம். அவ்விரண்டையும் குறித்தே இக்கட்டுரை.

மண்ணாளும் ஈசன்

மரக்காணத்தில் எழுந்தருளியிருக்கும் இறைவனின் திருநாமம் பூமீஸ்வரர். மண்ணுக்கு அதிபதி என்பது பொருள். நிலத்தையும் நிலம் தரும் உப்பையும் நம்பி வாழும் மக்களுக்கு இதனினும் பொருத்தமான திருநாமம் அமையாது. முழுவதும் கருங்கல்லால் எழுப்பப்பட்ட இத்திருக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. முதலாம் ராஜராஜன் காலம் தொட்டுப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் சுவர்களில் வரிசை வரிசையாகக் காணப்படுகின்றன. கோயிலுக்கு வழங்கப்பட்ட கொடைகளுடன் உப்பளங்களைப் பற்றிய குறிப்புகளும் அவற்றில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இவ்வூரார் உப்பு விளைத்தே வாழ்ந்தனர். அந்த விளைச்சலில் ஈசனுக்கும் ஒரு பங்கை ஒதுக்கினர்.

ஊரின் தொன்மை சோழருக்கும் முற்பட்டது. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் போற்றுவது. அவனுடைய ஆட்சிக்குட்பட்ட கடற்கரைப் பட்டினமாக அந்நூல் கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என ஆய்வாளர் பலர் கருதுவர். நூலை இயற்றிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, ஆலம்பரைக் கோட்டை சிதைந்து கிடக்கும் கடப்பாக்கம் பகுதிக்கு இன்றும் இடைக்கழிநாடு என்றே பெயர் வழங்குகிறது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட அக்கோட்டையின் செங்கற்சுவர்கள் உப்பங்கழியோரம் இன்றும் நிற்கின்றன. கோட்டை இடிந்தது, அரசுகள் மாறின, ஊரின் பெயரும் மாறிற்று. உப்பும் பனையும் மட்டும் மாறாமல் தொடர்ந்தன.

உப்பு விளையும் முறை

மார்கழி மழை ஓய்ந்த பிறகு உப்பளத்தில் வேலை தொடங்குகிறது. மழையில் கரைந்த வரப்புகளைச் சீர்செய்து, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்குகின்றனர். பின்பு உவர்நீரை ஒரு தேக்கத்திலிருந்து அடுத்த தேக்கத்துக்கு மெல்ல மெல்லப் பாய்ச்சுகின்றனர். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க உவர்ப்பு ஏறும். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும். அதன்பின் எஞ்சும் கெட்டியான நீரை விளைபாத்தியில் விட்டால் சில நாட்களில் வெண்மணிகள் பூக்கும். அவற்றை நீண்ட கழி பொருத்திய பலகையால் வாரி வரப்பில் சேர்த்து, கூடையில் சுமந்து சென்று அம்பாரமாகக் குவிக்கின்றனர். மழைக்கு அஞ்சி அம்பாரத்தின்மேல் கீற்று வேய்வதும் உண்டு.

இவ்வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். உவர்நீர் பாதத்தைப் புண்ணாக்கும். நிழலுக்கு ஒதுங்க உப்பளத்தினுள் ஒரு செடிகூட முளைக்காது. ஓரத்திலுள்ள பனைகளே நிழல். நாம் பிரசாதத்தில் இடும் ஒரு சிட்டிகை உப்புக்குப் பின்னால் இத்தனை பேரின் வியர்வை இருப்பதை நினைத்துக்கொண்டால், அதைக் கீழே சிந்த மனம் வராது. உப்பை மகாலட்சுமியின் அம்சம் என்று நம் பாட்டிமார் சொன்னதன் கருத்தும் இதுவாகவே இருக்கக்கூடும்.

முற்காலத்தில் இவ்வுப்பு பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்குச் சென்றது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னையைக் கடந்து வரும் அக்கால்வாய் முடிவது இம்மரக்காணத்துப் பக்கத்தில்தான்.

பறவைகள் தங்கும் கழுவெளி

உப்பளங்களுக்குத் தெற்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கிறது கழுவெளி ஏரி. ஏரி என்றாலும் முற்றிலும் நன்னீரன்று. மழைநீரும், எடையன்திட்டு முகத்துவாரம் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலந்து நிற்கும் உவர்நீர்ப் பரப்பு அது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட இப்பரப்பு, உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்தில் வரும் வாத்தினங்களும் உள்ளான்களும் பூநாரைகளும் இங்கே இளைப்பாறுகின்றன.

இவ்வட்டாரத்தை நினைக்கும்போது கடுவெளிச் சித்தரையும் நினையாதிருக்க இயலாது. ஞானசம்பந்தப் பெருமான் பாடிய இரும்பை மாகாளம் இங்கிருந்து தெற்கே, ஆரோவில் அருகில் உள்ளது. மழை பொய்த்த காலத்தில் சித்தரின் தவத்தைக் கலைக்க மன்னன் முயன்றதும், பின்னொரு நாள் அவையோர் அவரை எள்ளி நகைத்தபோது அவர் ஈசனை நோக்கி முறையிட்டதும், அக்கணமே சிவலிங்கம் மூன்றாகப் பிளந்ததும் அத்தலத்தின் வரலாறு. செப்புத் தகட்டால் பிணைக்கப்பட்ட அந்த லிங்கத்தை இன்றும் தரிசிக்கலாம். தன் போக்கில் தவமிருந்த ஓர் உயிரைத் தொல்லைப்படுத்தியதால் ஊருக்கே நேர்ந்த இடரை அக்கதை நினைவூட்டுகிறது.

கிள்ளைகளின் அன்றாடம்

வலசைப் பறவைகளைக் காண வெளியூரார் தொலைநோக்கியுடன் வருகின்றனர். ஆயினும் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் பச்சைக்கிளியை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், பொறுமை போதும்.

விடிந்ததும் அவை அடைந்திருந்த மரங்களிலிருந்து நான்கும் ஐந்துமாகப் பிரிந்து, 'கீ கீ' என்று கூவியபடி வயல்களை நோக்கிப் பறக்கும். வேப்பம்பழம், கொய்யா, கம்பங்கதிர், புளியம்பூ என அவற்றின் உணவு பலவகை. வெயில் ஏறியபின் அடர்ந்த இலைகளுக்குள் ஒடுங்கிவிடும். இலையும் பச்சை, சிறகும் பச்சை. குரல் கேட்கும், உருவம் தெரியாது. மாலையில் பல திசைகளிலிருந்தும் திரும்பி ஒரே மரத்தில் ஒன்றுகூடும். ஆண் கிளியின் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த வளையம் இருக்கும். பெண் கிளிக்கும் இளங்கிளிகளுக்கும் அது தெளிவாக இராது. ஆண் குஞ்சு அவ்வளையத்தை அணிந்துகொள்ள மூன்றாண்டுகள் வரை ஆகும்.

வங்கியில் பல்லாண்டு பணமெண்ணிய பழக்கத்தால் எதைக் கண்டாலும் எண்ணத் தோன்றுகிறது. மாலை வெளிச்சத்தில் உப்பளத்தின் மேலாகப் பனந்தோப்புக்குத் திரும்பிய கிளிகளை எண்ணத் தொடங்கினேன். நூறு வரை தாளைக் கட்டுக் கட்டுவதுபோல் எண்ணினேன். அதற்குமேல் கணக்கு தவறிவிட்டது. கூட்டத்தின் நிழல் கீழே பாத்தி நீரில் ஓடியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளிக்கு மரத்தைக் குடையும் வலு குறைவு. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து கைவிட்ட பொந்தையோ, இயல்பாக உளுத்துப்போன பொந்தையோ தேடி, அதைச் சற்று அகலப்படுத்திக் குடியேறும். தை முதல் சித்திரை வரை பெரும்பாலும் அதன் இனப்பெருக்கக் காலம். மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். மூன்று வாரங்களுக்கு மேல் பெண் கிளி அடைகாக்க, ஆண் கிளி இரை கொண்டுவந்து ஊட்டும். குஞ்சுகள் வெளியேற மேலும் ஆறு ஏழு வாரங்கள் வேண்டும்.

அத்தகைய பொந்துகளை இக்கடற்கரையில் தருவது மொட்டைப்பனை. இடி விழுந்தோ, புயலில் தலை முறிந்தோ, வயது முதிர்ந்தோ பட்டுப்போன பனை உடனே சாய்ந்துவிடுவதில்லை. உள்ளே உளுத்து, வெளியே உறுதியாகப் பல ஆண்டுகள் நிற்கும். அதில் மேல்மாடியில் கிளி, நடுமாடியில் மைனா, கீழ்மாடியில் ஆந்தை என ஒரு குடியிருப்பே அமைந்துவிடுகிறது. பனங்காடை என்ற பறவை பனையிடம் பெயரையே பெற்றுக்கொண்டது. பனையோலையின் அடியில் கூடு கட்டும் சிறு பறவைக்குப் பனை உழவாரன் என்று பெயர். அதன் வளைந்த சிறகைக் கண்ட நம் முன்னோர்க்கு அப்பர் பெருமான் கையிலேந்திய உழவாரப்படை நினைவுக்கு வந்திருக்கிறது!

வந்தது யார்?

கடந்த சில ஆண்டுகளில் இச்சாலையின் இருமருங்கிலும் மனைப் பிரிவுகள் பெருகிவிட்டன. தோப்பு இருந்த இடத்தில் எண்ணிட்ட கற்கள், அதையடுத்து சுற்றுச்சுவர், பின்பு வீடுகள். சென்னையின் தெற்குப் புறநகர்களிலும் புதுவையின் விளிம்புகளிலும் நடப்பதே இங்கும் நடக்கிறது. அவ்வீடுகளின் மொட்டை மாடிகளிலும், மின்கம்பிகளிலும், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலும் இப்போது கிளிகள் அமர்கின்றன. "எங்கள் குடியிருப்புக்குக் கிளிகள் வந்துவிட்டன" என்று மகிழ்ந்து சொல்வோர் உளர். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்குப் படம் எடுத்து அனுப்புவோரும் உளர்.

உப்பளத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, உப்பு வாரிக் கை காய்த்துப்போன பெரியவர் ஒருவர் சிரித்தார்.

"ஐயா, கிளி இங்க புதுசா வந்ததில்லீங்க. வீடுங்கதான் புதுசு. அதோ அந்தச் செவுரு இருக்குற எடத்துல எங்க அப்பா காலத்துப் பனை நின்னுது. அதுல இருந்த கிளிதான் இப்ப உங்க மாடியில உக்காருது."

அவர் சொன்னதில் மறுக்க ஏதுமில்லை. ஐரோப்பாவில் இதே பச்சைக்கிளி உண்மையிலேயே குடியேறிய பறவை. கூண்டில் வளர்க்கக் கொண்டுபோனவை தப்பியும் விடுவிக்கப்பட்டும், 1960களின் இறுதியிலிருந்து லண்டன் புறநகர்களில் கூடு கட்டிப் பெருகின. கியூ, ரிச்மண்ட் பகுதிப் பூங்காக்களில் பனிக்காலத்திலும் அவற்றின் குரல் கேட்கும். பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் 1974இல் ஒரு கேளிக்கைப் பூங்காவிலிருந்து சுமார் நாற்பது கிளிகள் திறந்துவிடப்பட்டன. இன்று அந்நகரில் அவை ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. அங்கே கிளி விருந்தாளி, ஊரார் வீட்டுக்காரர். இங்கே நிலைமை நேர்மாறு. இங்கே கிளி பரம்பரைப் பட்டாதாரர். நாம்தான் புதிதாகக் குடிவந்தவர்கள்.

குடிவந்தவர்களிலும் நல்லோர் உண்டு. சென்னை ராயப்பேட்டையில் புகைப்படக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்த ஜோசப் சேகர், 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு தம் மாடிக்கு வந்த இரண்டு கிளிகளுக்கு அரிசி வைத்தார். இரண்டு இருபதாயிற்று, இருபது ஆயிரக்கணக்காயிற்று. பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகாலையில் எழுந்து பலகைகளில் ஊறவைத்த அரிசியைப் பரப்பி அக்கூட்டத்துக்கு உணவிட்டார். அன்னதானம் மனிதர்க்கு மட்டும் உரியதன்று என்பதை அவர் செயலில் காட்டினார்.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். உணவை நாம் கொடுத்துவிடலாம். பொந்தை நம்மால் கொடுக்க இயலுமா? ஒரு பனை முற்றிப் பட்டுப் பொந்தாக ஒரு மனித ஆயுள் தேவைப்படுகிறது.

அன்னையின் கையில் ஏன் கிளி?

நம் சமயத்தில் கிளிக்கு உள்ள இடம் வேறெந்தச் சிறு பறவைக்கும் இல்லை எனலாம். வியாசரின் திருமகனார் சுகப்பிரம்ம ரிஷியைக் கிளிமுகத்துடனேயே நாம் வழிபடுகிறோம். பரீட்சித்து மன்னனுக்கு ஏழு நாட்கள் பாகவதம் சொன்னவர் அவர். மன்மதனின் வாகனம் கிளி. மதுரையில் அன்னை மீனாட்சியின் திருக்கரத்தில் கிளி. ஆதிசங்கரர் மண்டனமிசிரரின் இல்லத்தைத் தேடிச் சென்றபோது, வாசலில் கிளிகளே வேதாந்த விசாரம் செய்துகொண்டிருந்ததாகச் சங்கர விஜயம் கூறும். திருவண்ணாமலையில் கிளி கோபுரம் என்றே ஒரு கோபுரம் உண்டு. பிரபுட தேவராய மன்னனுக்காகப் பாரிஜாத மலர் கொணரக் கிளியுடலில் புகுந்து சென்ற அருணகிரிநாதர், திரும்பி வருவதற்குள் தம் உடல் எரிக்கப்பட்டதால் கிளியாகவே இருந்து முருகனைப் பாடினார் என்பது அத்தலத்தில் வழங்கும் வரலாறு.

இத்தனை பெருமையே கிளிக்கு ஒருவகையில் வினையாகவும் முடிந்தது. தெய்வத்தின் கையில் கண்டதை வீட்டிலும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டோம். வாசல் திண்ணையில் கம்பிக் கூண்டும், அதற்குள் பழமும், "அக்கா" என்று கூப்பிடப் பழக்கிய கிளியும் முந்தைய தலைமுறை வீடுகளில் சாதாரணக் காட்சி. மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்ற பெயர் வந்ததும் அங்கே கூண்டுகளில் கிளிகள் வளர்க்கப்பட்டதால்தான். அவை அன்னையின் நாமத்தைச் சொல்லப் பழக்கப்பட்டிருந்தன. இன்று மண்டபம் இருக்கிறது; கூண்டுகள் இல்லை.

"ஆண்டாள் நாச்சியார் வீட்டிலேயே கூண்டுக் கிளி இருந்ததே, நாச்சியார் திருமொழியில் அது கோவிந்தனை அழைக்கிறதே!" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே ஆண்டாளின் திருக்கரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாள்தோறும் சாத்தப்படுவது எந்தக் கிளி என்று பாருங்கள். மரவள்ளி இலைகளால் உடலும் சிறகும், மாதுளம்பூவால் அலகும் அமைத்து, மூங்கில் குச்சியும் வாழைநாரும் கொண்டு கட்டி, அன்றன்று புதிதாகச் செய்யப்படும் இலைக்கிளி. மாலையில் சாத்தப்பட்டு, பின்பு பிரசாதமாக அன்பர் ஒருவர் கையை அடைகிறது. மறுநாள் வேறொரு கிளி. அந்தக் கைங்கரியத்துக்காக எந்தப் பறவையும் சிறைப்படவில்லை. எந்தப் பொந்தும் காலியாகவில்லை. அன்னை மீனாட்சியின் கரத்திலும் கிளி அமர்ந்திருக்கிறதே அன்றி, அதன் காலில் சங்கிலி இல்லை. அதைச் சுற்றிக் கூண்டும் இல்லை. அஞ்சாமல் வந்து அமர்வதால்தான் அது அன்னையின் கிளி.

சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வளர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றம். கிளி ஜோசியத்துக்கும் இது பொருந்தும். புண்ணியம் கருதிக் கூண்டுக் கிளியை விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடுவோர் சிலர் உளர். அவர்களுடைய எண்ணம் தூயதுதான். ஆனால் அவர்கள் கொடுக்கும் பணம் பிடிப்பவரின் கைக்குப் போகிறது; அவர் மறுநாள் இன்னொரு பொந்தில் கைவிடுகிறார். குஞ்சைப் பிடிக்க உளுத்த பனையையே வெட்டிச் சாய்ப்பதும் உண்டு. ஒரு கிளிக்கு விடுதலை வாங்கித் தந்த மகிழ்ச்சியில், நான்கு குஞ்சுகளின் வீட்டை நாம் விலைபேசிவிடுகிறோம். வீட்டில் பல ஆண்டுகள் வளர்ந்துவிட்ட கிளியாயின், கூண்டைத் திறந்துவிடுவதும் தகாது. இரை தேடவும் பருந்திடமிருந்து தப்பவும் அறியாத அது ஓரிரு நாளில் மடிந்துவிடும். வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை.

கழுகுகள் வராத குன்று

பறவைக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு அறுந்துபோனால் என்னாகும் என்பதற்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இதே கடற்கரைக்கு வடக்கே உள்ளது திருக்கழுக்குன்றம், பட்சிதீர்த்தம். நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு செல்வதை இவ்விதழின் மூத்த வாசகர்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். குழந்தையாக இருந்தபோது தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்தவர்களும் இருப்பீர்கள். 1990களின் பிற்பகுதியோடு அவற்றின் வருகை நின்றுவிட்டது. வேதகிரீஸ்வரர் இருக்கிறார், பொங்கலும் இருக்கிறது, பாறையும் அப்படியே இருக்கிறது. கழுகுகள் மட்டும் வரவில்லை.

அதே காலத்தில் இந்தியா முழுவதும் கழுகினங்கள் பெருமளவில் அழிந்தன. கால்நடைகளுக்கு வலிநீக்கியாகத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதை உண்ட பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்ததை அறிவியலார் கண்டறிந்தனர். 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. கழுகுகளுக்குத் தீங்கு செய்ய எவரும் நினைக்கவில்லை. மாட்டின் வலியைப் போக்கவே மருந்து கொடுத்தார்கள். ஆயினும் நூற்றாண்டுகளாக நடந்த ஒரு காட்சி நம் தலைமுறையிலேயே கதையாகிவிட்டது. பேரப்பிள்ளைகளிடம் "முன்பெல்லாம் கழுகு வரும்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு மாறான சான்றும் அருகிலேயே உண்டு. வேடந்தாங்கல் கிராமத்தார் பறவைகளின் எச்சம் ஏரிநீரை வளமாக்கிப் பயிரைச் செழிக்கச் செய்வதை உணர்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடக்கூடாதென்று ஆங்கில அதிகாரிகளிடம் உரிமை பெற்றவர்கள். தலைமுறை தலைமுறையாக அவ்வூரில் தீபாவளி வெடிச் சத்தத்தைக்கூடத் தவிர்த்து வருகின்றனர். பறவைகளும் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன.

நம்மால் இயன்ற திருப்பணி

கிளிகளால் உழவர்க்கு இழப்பு இல்லை என்று சொல்ல முடியாது. கதிர் முற்றும் பருவத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், உண்பதினும் உதிர்ப்பது அதிகம். அவர்கள் தகரம் தட்டி விரட்டுவதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் நகரத்தில் ஓய்வூதியத்தில் வாழும் நம்போன்றோர்க்குக் கிளியால் எந்த இழப்பும் இல்லை. ஆகவே அதற்கு உதவும் கடமை நமக்கே அதிகம்.

புறநகரில் மனை வாங்கும் பிள்ளைகளிடம், மனையில் நிற்கும் பனையை வெட்டவேண்டாம் என்று நாம் சொல்லலாம். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்துள்ளது. பட்டுப்போன மொட்டைப்பனையும், வீட்டின்மீதோ வழியின்மீதோ சாயும் ஆபத்து இல்லையெனில், நின்றுகொண்டிருக்கட்டும். விறகுக்கும் செங்கற்சூளைக்கும் போனால் அது சில நாழிகை எரியும். நின்றால் பல தலைமுறைக் கிளிகளுக்கு வீடாகும். 2011இல் தானே புயலும் 2024இல் ஃபெஞ்சல் புயலும் இக்கடற்கரையைத் தாக்கின. புயல் தலையை முறித்த பனையைக்கூடக் கிளி பயன்படுத்திக்கொள்ளும். வேரோடு நாம் அகற்றிவிட்டால் அதற்கு ஏதும் மிஞ்சாது.

கோயில்களிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் இடுக்குகளிலும் பழைய சாரக்குழிகளிலும் கிளிகள் தலைமுறையாக வாழ்கின்றன. கும்பாபிஷேகத் திருப்பணியின்போது அவற்றைக் காரை பூசி அடைப்பதும் வலை கட்டுவதும் வழக்கமாகி வருகிறது. எச்சத்தால் சிற்பம் பாழாகிறது என்று திருப்பணிக் குழுவினர் சொல்வதில் உண்மை இருக்கிறது. விரிசலில் விழும் விதை ஆலும் அரசுமாக முளைத்துக் கோபுரத்தையே பிளக்கும் என்பதும் உண்மை. அப்பர் பெருமான் உழவாரம் ஏந்தியது அத்தகைய செடிகளைக் களையத்தான். செடியைக் களைய வேண்டும். விரிசலை மூட வேண்டும். ஆனால் தை முதல் சித்திரை வரை, உள்ளே குஞ்சு இருக்கும் குழியைக் காரையால் மூடாதிருக்கலாம் அல்லவா? அடைப்பதற்குமுன் ஒருமுறை எட்டிப் பார்க்கும்படி ஸ்தபதியாரிடமும் கொத்தனாரிடமும் சொல்வதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. திருப்பணிக்கு நன்கொடை வழங்கும் அன்பர்கள் இந்த ஒரு வேண்டுகோளையும் சேர்த்து வழங்கினால், குழுவினர் செவிசாய்க்காமல் இரார்.

கோடையில் மாடியில் ஒரு மண்சட்டியில் நீர் வையுங்கள். நாள்தோறும் கழுவி மாற்றுங்கள். தானியம் வைப்பதாயின் ஒரு பிடி போதும். எண்ணெயும் உப்பும் சேர்ந்த பிரசாதம் நமக்கு அமுதம்; பறவைக்கு ஆகாது.

மரக்காணத்துக்கு வர விரும்பும் அன்பர்கள் மாசி, பங்குனி மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நலம். மழை ஓய்ந்து உப்பு விளையத் தொடங்கியிருக்கும்; கழுவெளியில் வலசைப் பறவைகள் இருக்கும்; கிளிகள் பொந்துகளில் குஞ்சு பொரித்திருக்கும். காலையில் இரும்பை மாகாளத்தையும் ஒழிந்தியாப்பட்டு அரசிலிநாதரையும் தரிசித்து, மாலையில் பூமீஸ்வரர் கோயிலை அடையலாம். முழங்கால் வலியுள்ளோர்க்கும் சிரமமில்லை. மலையேற்றம் எங்கும் கிடையாது. தரிசனம் முடித்து, சூரியன் சாய்வதற்கு அரைமணி நேரம் முன்பாக உப்பளத்தின் ஓரத்துக்கு வந்து நில்லுங்கள். வயல் பக்கமிருந்து கிளிகள் கூவிக்கொண்டே வரும். எந்தப் பனையில் இறங்குகின்றன என்று பாருங்கள். திரும்பும்போது, அந்தப் பனையை விட்டுவைத்த தோப்புக்காரர் எதிர்ப்பட்டால் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.